பதினொரு கிலோமீட்டர்

புனோ நகரில் ஜூலை மாதம்
பேனா மையும் விறைத்துவிடும்.
நடுவர் மன்றத்துச் செயலர் நான்.
பேனாவைக் கக்கத்தில் இடுக்கிச் சூடேற்றிக்கொண்டு
பட்டியலை மேசையில் வைத்தேன்.

குடிநீர்க் குழாய். மூன்று ஊர்கள்.
முதல் உறைபனியிலேயே வெடித்தது.
குழாய் மட்டம் என்றது நகராட்சி.
ஆழமாகத் தோண்ட விடவில்லை என்றார் ஒப்பந்தக்காரர்.
பணம் நின்றுபோனது. தண்ணீரும்.

பட்டியலில் ஒன்பது பெயர்கள்.
தியோடோசியோ அர்பீட்டியாவை
முன்பெல்லாம் பெயர் போனவர் என்பார்கள்.
இப்போதும் அதையேதான் சொல்கிறார்கள்,
பொருள்தான் மாறிவிட்டது.
இரு தரப்பும் ஒரே வீச்சில் அடித்தார்கள்.
அடுத்தவர் மேயருக்கு மைத்துனர் முறை.
இன்னொருவர் எந்த வழக்கையும்
பூசணிக்காய் மாதிரி சரிபாதியாக வெட்டுபவர்.
ஊர்ப் பணத்துக்கு எழுதும் தீர்ப்பு,
ஊர் நம்ப வேண்டாமா?

கடைசியில் மிஞ்சியது ஒபதூலியா சோக்கேவான்கா.
அவரைப் பற்றிச் சொல்ல ஒரு கதையும் கிடையாது,
தன் தேநீருக்குத் தானே சில்லறை எண்ணி வைப்பார்
என்பதைத் தவிர.

பொறுப்பேற்கும் முன் அம்மா ஒரு தாள் தந்தார்:
‘பதினான்கு வருடம் முன்பு, ஆலங்கட்டி மழையில்,
இந்த ஒப்பந்தக்காரரின் லாரியில்
இலாவே சாலையில் பதினொரு கிலோமீட்டர் வந்தேன்.
அவர் காசு கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.’
நகராட்சி வக்கீல் சிரித்துவிட்டார்.
“லாரிக்கெல்லாமா? இருங்கள் அம்மா, நீங்களே இருங்கள்.”

அக்டோபரில் தீர்ப்பு.
நகராட்சி தோற்றது, ஏறக்குறைய முழுசாக.
பள்ளத்தின் ஆழத்தைக் குறைக்கச் சொன்ன கடிதத்தில்
மேயரின் கையெழுத்தே இருந்தது.

வக்கீல் மூன்று இரவு கோப்பைப் புரட்டினார்,
என் அறையில், என் ஹீட்டருக்கு முன்னால்.
தீர்ப்பை உடைக்க ஒரு விரிசல் வேண்டும்.
அகப்பட்டது அந்தப் பதினொரு கிலோமீட்டர்தான்.
அதன் அடியில் அவரே எழுதியிருந்தார்:
ஆட்சேபம் இல்லை.

காசோலையில் ஒப்பமிட்டபோது மேயர்
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார்.
குளிரைத்தான் திட்டினார்.
அம்மாவைத் திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை போலும்.
குழாய்கள் டிசம்பரில் ஆழத்தில் இறங்கியதாகக் கேள்வி.
நான் போய்ப் பார்க்கவில்லை.

என்னிடமும் ஒருமுறை ஒருவர் உறை நீட்டியதுண்டு,
ஒரு தேதியைத் தள்ளிப் போட.
கையில் வாங்கி, உடனே திருப்பிக் கொடுத்தேன்.
உடனே என்றால், கொஞ்சம் பொறுத்து.
அதன் தடிமன் இன்றைக்கும்
என் கட்டைவிரலுக்குத் தெரியும்.
அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன்
அவர் சில்லறை எண்ணும்போதெல்லாம்.
எண்ணி முடித்ததும் போய்விடுவார்.