மேல் பாதி

மூன்றாவது தடவை அழுத்தம் பார்த்தேன்.
நீல வெளிச்சத்தில் இரண்டு பச்சை அரைவட்டங்கள்
உள்விளிம்பு தொடும் இடத்தில்
இருபத்தெட்டு.
"பி.பி.யாம்மா?" என்றார் மாதையன்.
"கண்ணோட பிரஷர்."
"கண்ணுக்குமா."

கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து
நாலு கட்டடம் தள்ளி, மாடியில்
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்த அறை.
லாரிகளின் ஏர் ஹாரன் மட்டும்
துணியைத் தாண்டி வரும்.

முகவாயைத் தாங்கியில் வைத்து
வெள்ளைக் கிண்ணத்துக்குள் பார்க்கச் சொன்னேன்.
நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளியை விடக்கூடாது.
ஓரத்தில் எங்காவது மினுக்கினால்
பொத்தானை அழுத்த வேண்டும்.
தெரியாவிட்டால் சும்மா இருக்கலாம்,
சும்மா இருப்பதும் பதில்தான்.
நாளைக்கு இருபது தடவை சொல்கிறேன்,
யாரும் நம்புவதில்லை.

அவர் அழுத்தினார்
கிளட்ச் மிதிப்பது போல, கணக்காக.
வெளிச்சம் வராதபோதும் அழுத்தினார்.
பொய்யழுத்தம் முப்பத்தேழு சதவீதம்
என்றது மெஷின்.
அதற்குக் கோபமெல்லாம் இல்லை, எண் மட்டும்தான்.

விளக்கைப் போட்டேன்.
"லைசென்ஸ் டெஸ்ட் இல்லண்ணா இது.
இந்தத் தாள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகாது."
கையிலிருந்த பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"எடுங்க, மறுபடி."

இந்தத் தடவை
மேலே மினுக்கியவை ஒவ்வொன்றாய் வந்து
காத்திருந்து
போயின.
கீழே வந்தவற்றுக்கு மட்டும்
டக். டக்.
வலது கண் ஏழரை நிமிடம். இடது எட்டு.

தாளில் இரண்டு கண்ணுக்கும்
மேல் பாதியில் கரிய வில்.
"எனக்குக் கறுப்பா எதுவுமே தெரியலையேம்மா."
தெரியாது.
விட்டுப்போன இடத்தில்
பக்கத்து வானத்திலிருந்து ஒரு துண்டு கிழித்து
மூளை ஒட்டிவிடும்.
புத்தகத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கும்,
நான் இப்படித்தான் சொல்வேன்.

"தை மாசம்," என்றார்,
"பாலக்கோட்ல தக்காளி ஏத்திட்டு வரப்ப
புளியங்கிளை தார்ப்பாயக் கிழிச்சிருச்சு.
எட்டுப் பெட்டி ரோட்டுல.
சத்தியமா அந்தக் கிளை அங்க இல்லம்மா."

"இருந்துச்சுண்ணே."
கதவருகில் கிளீனர் பையன் இம்தியாஸ்,
கையில் இரண்டு டீ.
"அதுக்கப்புறம்தான் நான் சொல்ல ஆரம்பிச்சேன்.
கிளை வருது. பாலம் வருது.
சிக்னல் செவப்பு."

"தூக்கம் வராம இருக்கப் பேசறேன்னு நெனச்சேன்டா."
அவன் டீயில் படிந்த ஆடையை
விரலால் ஒதுக்கினான்.

டாக்டர் பச்சை மையில் எழுதினார்:
ராத்திரி ஒரு சொட்டு, ஆயுசுக்கும்.
போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம்.
லாரி கூடவே கூடாது என்றார்.
பதினெட்டுத் தவணை பாக்கி என்றார் மாதையன்.
டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார்.

சொட்டு விடப் பழக்குவது என் வேலை.
முதல் சொட்டு கன்னத்தில்.
இரண்டாவது மீசையில்.
வெளியே யாரோ ஹாரனை விடாமல் அடித்தார்கள்,
அவர்கள் வண்டி வழியை மறித்து நின்றதாம்.
பாட்டிலை இம்தியாஸ் வாங்கிக்கொண்டான்.
கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்து,
பழகிய குரலில்,
"மேல பாருங்கண்ணே" என்றான்.

பார்த்தார்.