ஒரு மிளகு வாடகை

பள்ளிக்கூடத்தின் வரலாறு வேண்டுமாம்.
அறக்கட்டளை அலுவலகத்துப் பையன்
மின்னஞ்சல் போட்டிருக்கிறான்:
எண்பத்தைந்து ஆண்டு, நூற்றைம்பது சொல்,
கொஞ்சம் உற்சாகமாக இருக்கட்டும், திருமதி பிரிம்மர்.

முப்பத்தொரு வருஷமாக நான்
நகலெடுக்கும் அறையில்.
எனக்குத் தெரிந்த வரலாறெல்லாம்
கடிதத் தாளின் தலைப்பில் இருக்கிறது.

முதல் தலைப்பு: ஸ்காரோபி மாடர்ன் பள்ளி.
அம்மா படித்தது.
பதினோரு வயதில் ஒரு பரீட்சை.
தேறியவர்கள் மேட்டில் இருந்த கிராமர் பள்ளிக்கு,
மற்றவர்கள் ஆற்றோரம், இங்கே.
பெண்களுக்குத் தையல், பையன்களுக்கு மரவேலை,
அப்புறம் எல்லோருக்கும்
மீன் பதனிடும் ஆலை.

எழுபத்துமூன்றில் இரண்டையும் ஒன்றாக்கினார்கள்.
மேட்டுப் பள்ளி லத்தீன் வாசகத்தோடு வந்தது.
நாங்கள் சைக்கிள் கொட்டகை கொடுத்தோம்.
முதல் நாள் காலை, லத்தீன் வாத்தியார் ஹாக்ஸ்பி
எங்கள் வரிசை முன்னால் நின்று
யார் எந்தப் பக்கம் என்று
ஷூவைப் பார்த்துத் தேடினார்.
நான் என் கால்களை
முன்னால் நின்றவளின் பைக்குப் பின்னால் மறைத்தேன்.

பிறகு டெக்னாலஜி காலேஜ் ஆனோம்.
முப்பது கணினி, ஒரு புதுத் தலைப்பு,
பழைய தாள் ஆறு பெட்டி மிச்சம்.
கணக்கு வகுப்புக்குக் கிறுக்கக் கொடுத்தேன்.
பின்னங்களின் பின்பக்கம் பழைய பெயர்.

ஆய்வாளர்கள் வந்தது ஒரு நவம்பரில்.
இரண்டு நாள் இருந்தார்கள்.
விட்டுப் போனது ஒரே சொல்: போதாது.
அன்று உயிரியல் டீச்சர் கேரன் ஸ்டப்ளி
என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு
இயந்திரத்தை ஓடவிடச் சொன்னாள்.
வெற்றுத் தாள் இருநூறு ஓடியது,
அவள் அழுது முடிக்கும் வரை.

அப்படித்தான் அகாடமி ஆனோம்.
ஊதா பிளேசர். கிளிப் வைத்த டை.
தலைமையாசிரியர் போய் முதல்வர் வந்தார்;
முதல்வருக்கு மேல் ஒருவர்,
ஆறு பள்ளிக்கும் அவர்தான்,
செவ்வாய்க்கிழமை வருவார்.
பொய் சொல்லக்கூடாது.
ஜிம் கூரை ஒழுகுவது நின்றது.
டோனா கிரெகரியின் மகள்
மருத்துவம் படிக்க லீட்ஸ் போனாள்.
அதே வருஷம் பதினேழு பிள்ளைகள்
பதிவேட்டிலிருந்து காணாமல் போனார்கள்.
எங்கே என்று கேட்டேன்.
வேறு ஏற்பாடு என்றார்கள்.

குத்தகைப் பத்திரத்தையும் நான்தான் நகலெடுத்தேன்.
நாற்பத்திரண்டு பக்கம், நான்கு பிரதி.
பதினேழாம் பக்கத்தில் இயந்திரம் சிக்கிக்கொண்டது,
அதனால்தான் படித்தேன்:
நிலமும் கட்டடமும் நூற்றிருபத்தைந்து ஆண்டுக்கு.
ஆண்டு வாடகை ஒரு மிளகு,
கேட்டால் மட்டும்.

யாரும் கேட்கவில்லை.
செப்டம்பரில் சமையலறை டப்பாவிலிருந்து
ஒன்று எடுத்தேன்.
அம்மா காலத்துத் தாளில் மடித்து
மாவட்ட மன்றத்துக்குத் தபாலில் சேர்த்தேன்.
'வாடகை இணைத்துள்ளேன்.'
பதில் இல்லை.
மறு வருஷமும் அனுப்பினேன்.
பள்ளி பூட்டிக் கிடந்த வருஷம்கூட,
முகமூடி போட்டு நடந்து போய்.

போன வசந்தத்தில் கடிதம் வந்தது.
நைஜல் பாஷ்பி, சொத்துப் பிரிவு.
'அன்புள்ள திருமதி பிரிம்மர்,
ஒன்பது பெற்றுக்கொண்டோம்.
2020-க்கான உறை கிழிந்து, காலியாக வந்தது.
ஒன்று பாக்கி.
நான் ஜூனில் ஓய்வு பெறுகிறேன்.
எனக்குப் பின் வருபவரிடம் சொல்லி வைக்கிறேன்.'

நானும் ஜூலையில் போகிறேன்.
நேற்று கணக்குப் போட்டேன்:
பாக்கியோடு நூற்றுப் பதினாறு.
கடையில் ஒரு பொட்டலம் வாங்கி,
மேஜைமேல் கொட்டி, ஒவ்வொன்றாய் எண்ணி
காலி ஜாம் ஜாடியில் போட்டு
உறைகள் இருக்கும் அலமாரியில் வைத்தேன்.

நூற்றுச் சொச்சம் வருஷம்.
ஜாடியைச் சாய்த்துப் பார்த்தேன்,
அடிப்பாகம்கூட மூடவில்லை.

பையனுக்கு இன்னும் எழுதவில்லை.
நூற்றைம்பது சொல் கேட்டான்.
பெயர்ப் பலகைகளுக்கே சரியாகிவிடும்.