சேணப் புள்ளி

மே மாதக் காட்பாடியில் இரவு பதினொன்றுக்கும்
சுவரின் சூடு இறங்குவதில்லை.
சர்வர் அறைக்குள் மட்டும் மார்கழி.
அங்கே ஒரு நிக்கல் அணுவைப்
பதினோரு நாளாக நடத்திக்கொண்டிருக்கிறேன்
ஒரு புரோமோபென்சீனை நோக்கி.

நடத்துவது என்பது பெரிய வார்த்தை.
அணுக்கள் நிற்கும் இடங்களை
எண் எண்ணாக எழுதி அனுப்புகிறேன்.
ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி அது காத்திருக்கும்.
எனக்கு முன்னே யாருடைய புரதமோ.
விடிகாலை நாலு மணிக்குப் பதில் வரும்:
கணக்கு ஒருங்கவில்லை.

நிக்கலின் தோள்களில் பாஸ்பீன்கள்,
குடியாத்தம் பஸ்ஸின் படியை அடைத்து நிற்கும்
பருமனான ஆட்கள்.
ஒருவர் இறங்கினால்தான் வளையம் ஏறலாம்.
ஏறிய பின்
கார்பனுக்கும் புரோமினுக்கும் நடுவில் நிக்கல் புக வேண்டும்.
பழைய பிணைப்பு முழுக்க அறாமல்
புதியது முழுக்க விழாமல்
ஓர் இடம் வரும்.
அதற்குச் சேணப் புள்ளி என்று பெயர்.
முன்னும் பின்னும் மேடு, இருபக்கமும் பள்ளம்.

குதிரை ஏறாத எனக்கு அது வெறும் சொல்,
கீழ் போர்ஷனுக்குக் குடிவந்த தனபாக்கியம்
ராணிப்பேட்டைக் கம்பெனியிலிருந்து
தையல் பிசகிய சேணம் ஒன்றைக் கொண்டுவந்து
படிக்கட்டுக் கைப்பிடியில் போடும்வரை.
ஜெர்மனிக்குப் போயிருக்க வேண்டியது.
ஒரு நூலிழை தள்ளி இறங்கிய ஊசியால்
இங்கேயே நின்றுவிட்டது.
அவள் மகன் அதிலேறி தினமும் பெங்களூர் போய்வந்தான்.

அவனிடம் ஒரு கோலிக்குண்டு கடன் வாங்கிச்
சேணத்தின் நடுவில் வைத்துப் பார்த்தேன்.
நிற்கும் போலிருந்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
பிறகு அது இடப்பக்கம் சரிந்து
படி படியாகக் குதித்து
தண்ணீர் மோட்டார் சந்துக்குள் போனது.

மேல்விஷாரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள் மஹ்ஜபீன்.
காற்றே படாத பெட்டிக்குள்
ரப்பர் கைகளால் வேலை செய்கிறவள்.
நான் திரையில் செய்வதை அவள் குப்பியில் செய்வாள்.
அன்று ஒரு தாளை என் மேசையில் வைத்தாள்.
நேராகப் போக வேண்டிய கோடு
நடுவில் எழும்பிக் குப்புற விழுந்திருந்தது.
"உன் நிக்கல் சத்தம் போடாது என்றாயே,
இது கத்துகிறது" என்றாள்.
ஜோடியில்லாத எலெக்ட்ரான் ஒன்று
உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

என் ஃபைலைத் திறந்தேன்.
தலைப்பிலேயே இருந்தது, பூஜ்யம், ஒன்று.
மின்சுமை பூஜ்யம்.
ஒன்று என்றால் எல்லா எலெக்ட்ரானும் ஜோடி ஜோடியாக.
ஒருத்தரையும் கேட்காமல்
எல்லாருக்கும் கல்யாணம் பண்ணிவைத்திருந்தேன்.
நானா? முப்பத்து மூன்று வயதில்
"தனியா, ஃபேமிலியா?" என்று கேட்ட
நாலு ஹவுஸ் ஓனர்களைத் தாண்டி
இந்த மாடிக்கு வந்தவள்.
தனபாக்கியம் துபாய் என்று சொல்லி வீடு பிடித்திருக்கிறாள்.
எந்தத் துபாய் என்று நான் கேட்டதில்லை.

ஒன்றை மூன்றாக மாற்றினேன்.
ஒரே ஒரு எழுத்து.
மூன்றாம் இரவு, கரண்ட் இரண்டு முறை போய் வந்த பிறகு,
ஒருங்கியது.

நிக்கல் நடுவில் புகவே இல்லை.
புரோமினை மட்டும் பிய்த்துக்கொண்டு ஒதுங்கியது.
வளையம் ஒற்றை எலெக்ட்ரானோடு
கரைப்பானுக்குள் நின்றது.
அந்த வழி இரண்டரை கிலோகலோரி மலிவு.
குளோரைடுக்கு இன்னும் பழைய வழிதான்,
அதையும் எழுதத்தான் வேண்டும்.
எழுதி முடித்த இருபது பக்கத்தில்
பதினான்கு குப்பை.

மஹ்ஜபீனுக்கு போன் செய்தேன்.
பஸ் இரைச்சலில் அவள் கேட்டது ஒன்றுதான்:
"அப்புறம் அந்த வளையம் எங்கே போகும்?"
தெரியாது என்றேன்.
இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

கீழே இறங்கும்போது பையன் சேணத்தில் இருந்தான்.
எனக்கு வழிவிடவில்லை.
கோலிக்குண்டு எங்கே என்றான்.
மோட்டார் சந்தில் கையை விட்டுத் துழாவினேன்,
சிலந்தி வலை, ஒரு பேனா மூடி,
யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு.