பன்னிரண்டு கிலோ

லீ பஜாரில், மஞ்சள் மண்டிகளுக்குப் பின்னால் எங்கள் கிடங்கு.
அந்த மாதம் மட்டும் மூட்டைகளைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு
அட்டைப்பெட்டி கட்டினோம்,
கடலுக்கு அப்பால் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தவர்களுக்கு.

பெட்டிக்கு நாற்பது கிலோ, முப்பது பெட்டி:
முதலாளி கணக்கு.
பக்கவாட்டில் கடைப்பெயர் ஒட்டச் சொன்னார்.
பசை காய்ச்சினேன். மைதா, கொஞ்சம் மயில்துத்தம்.

பவளத்தானூர் முகாமிலிருந்து வந்தார் நகுலேஸ்வரி.
யாரும் கூப்பிடவில்லை, கேள்விப்பட்டு வந்தாராம்.
சேகோ ஆலையில் வேலை;
விரலிடுக்கில் மரவள்ளி மாவின் வெள்ளை.

ஆடு வாங்குகிறவர் போல
ஒரு பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
பிறகு ஒரு மஞ்சள் பையை இடுப்பில் வைத்து
இடக்கையால் அணைத்துக்கொண்டு
வலக்கையால் பெட்டியைத் தூக்கினார்.
அசையவில்லை.
"ஒரு கை பிள்ளைக்கு," என்றார்.

பிரித்தோம்.
குக்கர் வெளியே வந்தது, ஜரிகைச் சேலை வந்தது.
யாரோ போட்டிருந்த சுவர்க்கடிகாரம்
உள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.
நைலான் கயிறு போனது. நகவெட்டி. மூடியுள்ள வாளி.
துணி, இன்னும் துணி.
எதற்கென்று நான் கேட்கவில்லை,
அவரும் என்னைப் பார்க்கவில்லை.
கடைசியாக ஒரு பூட்டு.
"கதவே இல்லாத இடத்துல பூட்டு எதுக்குங்க?"
"பெட்டிக்குத்தான் தம்பி.
எங்கட எண்டு ஒண்டாவது பூட்டிக் கிடக்க வேணும்."

முள் பன்னிரண்டில் நின்றது.
முப்பது பெட்டி நூறாயிற்று.
அட்டை விலையைச் சொல்லி முதலாளி கத்தினார்,
பிறகு அவரே போய் அட்டை வாங்கி வந்தார்.

நாலரைக்கு எழுந்துவிட்டார் நகுலேஸ்வரி.
ஆறு மணிக்கு முகாமில் தலை எண்ணுவார்கள்,
தாரமங்கலம் பஸ் நின்று நின்றுதான் போகும்.
முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபது ரூபாய் வைத்தார்.
"ஊக்கு வாங்கிப் போடுங்கோ, பெட்டிக்கு ஒரு கொத்து."

ரசீதில்லாமல் காசு வாங்குவது எங்கள் கடையில் வழக்கமில்லை.
கொடுத்தவர் பெயர் எழுதினேன்.
விலாசத்தில் பேனா நின்றது.
"முகாம் எண்டே போடுங்கோ,
பத்தொன்பது வருசமா அதுதானே."

இருபது ரூபாய்க்கு நூறு கொத்து வராது.
அது வேறு கணக்கு.

லாரி போன பிறகு
எது எங்கே இறங்கியது என்று தகவல் இல்லை.
கடைப்பெயர்த் தாள் முப்பதுதான் அச்சடித்திருந்தோம்.
மிச்சம் எழுபது பெட்டி
யார் அனுப்பியது என்று தெரியாமல்
போயிருக்கும்,
பூட்டோடு.