மூன்று விசில் நேரம்

விடிய நாலரைக்கு பஸ் எடுப்பவன் நான்.
மதியம் இரண்டு மணிக்கு
வெண்ட்வொர்த்வில் வீட்டுக் கதவைத் திறந்தால்
சப்பாத்துகள்தான் முதலில் எதிர்ப்படும்,
ஒன்றின் மேல் ஒன்று ஏறி,
கடைசி பஸ்ஸைத் துரத்தி வந்த சனம் போல.

இந்த வீட்டுக்கு ஒரு முழுச் சனிக்கிழமை வேணும்
என்பாள் சுஜந்தினி.
பதினொரு வருடமாக அந்த முழுச் சனிக்கிழமை
வரவே இல்லை.
வந்ததிலெல்லாம் யாருக்கோ பிறந்தநாள்,
தமிழ்ப் பள்ளி, மழை,
ஒன்றுமில்லாவிட்டால் அலுப்பு.

ஒரு செவ்வாய், பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுச்
சும்மா நின்றேன்.
நின்ற இடத்தில் ஒரு லாச்சி.
மூன்று விசில் வரும்வரைதான்,
அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை
என்று எனக்கே நிபந்தனை போட்டு இழுத்தேன்.
பாதியில் இறுகியது.
உள்ளே தோசைக்கரண்டி குறுக்கே படுத்து மறியல்.

உயிர்போன பற்றரிகள்.
எந்தக் கதவையும் திறக்காத ஐந்து திறப்புகள்.
பிரிக்காத சோயா சோஸ்.
நாங்கள் விற்றுவிட்ட டிவியின் ரிமோட்.
மூன்றாவது விசில் அடித்தபோது
அடுத்த லாச்சி என்னைப் பார்த்தது.
நான் பார்க்கவில்லை.
அடுத்த தரிப்பிடத்தை நினைத்து
இந்தத் தரிப்பிடத்தில் கதவு மூடக்கூடாது.

கடலை வைத்த நாள் ஏழு விசில்.
அன்று அலுமாரியின் மேல்தட்டே ஒழிந்தது.
ஐஸ்கிறீம் பெட்டிகள் இருபத்தாறு,
மூடிகள் பத்தொன்பது,
ஒன்றோடொன்று பொருந்தியது எட்டே சோடி.
சாதகம் பார்த்துச் சம்பந்தம் செய்வது
இதைவிடச் சுலபம்.

"எங்க என்ட கத்தரிக்கோல்?"
"அதின்ட இடத்தில."
"அதின்ட இடம் எது?"
மூன்று கிழமை அவளுடைய கை
பழைய லாச்சிக்கே போய் வெறுமையாய்த் திரும்பியது.
நான் சிரிக்கவில்லை.
பாதை மாற்றிக் கொடுத்த வாரம்
பழைய தெருவுக்கே சிக்னல் போட்டு
முப்பது பேரைத் திகைக்க வைத்தவன் நான்.

சப்பாத்துக்கு ராக்கை வாங்கவில்லை.
நாலு சோடி மட்டும் கொள்ளும் ஒரு ரப்பர் விரிப்புப் போட்டேன்.
கவிந்தன் ஐந்தாவதைக் காலால் நெருக்கிப் பார்த்தான்,
பெருமூச்சு விட்டான்,
தன் அறைக்கே தூக்கிக்கொண்டு போனான்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலையில் கவுன்சில் லொறி வரும் கிழமை,
ஏறி ஓடாத ட்ரெட்மில்லைத் தெருவோரம் வைத்தோம்.
லொறிக்கு முன்னாலேயே
யாரோ யூட்டில் ஏற்றிப் போய்விட்டார்கள்.
எங்கள் குற்றவுணர்ச்சி
இப்போது வேறு யாரோ வீட்டில் துணி காய்கிறது.

முதல் லாச்சியை வெறுமையாகவே விட்டு வைத்தேன்.
மறுநாள் அதில் ஒரு பற்றரி.
யார் போட்டது? மூவருக்கும் தெரியாது.

கட்டிலுக்குக் கீழே வந்தபோது
ஓகஸ்ட் பிறந்திருந்தது.
உள்மூலையில் ஒரு பெட்டி.
சின்னச் சட்டைகள்,
உள்ளங்கையளவு காலுறைகள்,
விலைச்சீட்டுக் கிழிக்காமல், மடிப்புக் குலையாமல்.
கவிந்தனுக்குப் பிறகு வாங்கியவை.
குசினியில் மூன்றாவது விசில் அடித்தது,
நாலாவது அடித்தது,
பருப்பு கரைந்து கூழாகும்வரை அடித்தது.
மேலே இருந்த தூசியைத் துடைத்து
அதே மூலைக்குத் தள்ளிவிட்டு எழுந்தேன்.
அதை நான் அவளிடம் சொல்லவில்லை.
துடைத்த கோடு அவளுக்குச் சொல்லியிருக்கும்.

பிறகு ஒரு நாள் கூட்டுமாறோடு குனிந்தபோது
அந்தப் பெட்டி
ஒரு சாண் வெளியே வந்திருந்தது.
நான் தள்ளவுமில்லை,
இழுக்கவுமில்லை.
அதைச் சுற்றிக் கூட்டினேன்.

நேற்று இரண்டு சாண்.