நாற்பத்தொரு கல்

எண்ணித்தான் போட்டேன்.
நாற்பத்தொன்று.
நிலாவெளிக் கரையில் குனிந்து குனிந்து பொறுக்கி
உப்புப் போக மூன்று நாள் ஊறவைத்து
கண்ணாடித் தொட்டியின் அடியில் பரப்பினேன்,
அழகுக்காக.
அழகு என்னுடைய யோசனை.
சொதியைக் கேட்கவில்லை.

சொதி என்று பெயர் வைத்தது நிறத்தைப் பார்த்து:
தேங்காய்ப்பாலில் மஞ்சள் பட்டும் படாமலும்.
கழுத்தின் இருபுறமும் மும்மூன்று சிவப்புத் தூவிகள்,
மூச்சை வெளியே வைத்திருக்கும் பிராணி.
மீனுமில்லை, பல்லியுமில்லை.
கொழும்பிலிருந்து இரவு ரயிலில்
ரெஜிபோம் பெட்டியை மடியில் ஏந்தி வந்தேன்.
கல்ஓயாச் சந்தியில் மூடியைத் திறந்தபோது
பக்கத்துச் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து
"சாப்பிடுறதா?" என்றார்.

சாப்பிடும். அதுதான் சிக்கல்.
வாயைத் திறந்தால் எதிரில் உள்ளதெல்லாம் உள்ளே.
செவ்வாய்க்கிழமை புழு போட்டேன்.
புழு போனது,
கூடவே 'டக்' என்றொரு சத்தமும்.
எண்ணினேன்.
முப்பத்தொன்பது.
கையை விட்டுக் கலக்கி மறுபடி எண்ணினேன்.

அது சிரித்துக்கொண்டிருந்தது.
வாயின் அமைப்பே அப்படி;
வயிற்றில் கல் கிடந்தாலும் அதே சிரிப்பு.
இப்படிச் சிரிப்பவர்கள் இரண்டு பேரை
அலுவலகத்தில் எனக்குத் தெரியும்.

மிருக வைத்தியரிடம்
எனக்கு முன்னால் ஒரு நாகு மாடு, இரண்டு ஆடு,
காது கிழிந்த நாய்.
டொக்டர் பஸ்மிலா வாளிக்குள் பார்த்தார்.
"இத நான் படத்திலதான் கண்டிருக்கன்."
ஒளிக்காமல் சொன்னதில் பாதிப் பயம் போனது.
பேராதனைக்கு யாருக்கோ அழைத்துக் கேட்டுவிட்டு
விரலை நீட்டினார்:
வயித்த அமுக்காதீங்க.
வாய்க்குள்ள ஒண்டும் விடாதீங்க.
தீனி வேணாம். மிச்சக் கல் எல்லாத்தையும் அள்ளுங்க.
குளிர வைங்க, அதுவாத் தள்ளும்.
ஊதிக் கவிழ்ந்தா அந்த நிமிசமே கொண்டு வாங்க.
பிறகு, தண்ணியில குளோரின் ஆகாது.

நீர் வழங்கல் சபையில் குளோரின் அளப்பவன் நான்.
கந்தளாய்க் குளத்துத் தண்ணீரைக் குடித்து
இந்த நகரம் வயிற்றோட்டமின்றித் தூங்க
தினம் நான் சரிபார்க்கும் அதே மருந்து
ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வந்துவிடாமல்
பானை பானையாக ஆறவைத்தேன்.

பிரிட்ஜில் தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில் இடம்.
வசுமதி கறிவேப்பிலையைக்
கீழ்த் தட்டுக்கு மாற்றினாள்.
"ஒரு கிழமைதான்" என்றாள்,
எனக்கா அதுக்கா தெரியவில்லை.
கதவை மூடினால் விளக்கணையும்.
இருட்டில், கல்லோடு, அது என்ன செய்யும்?
திறந்து பார்த்துப் பார்த்தே
குளிரைக் கெடுத்தேன்.

வெளியே உப்புவெளி முப்பத்துமூன்று பாகையில் வெந்தது.
வெந்நீர்க் கிணறுகளுக்குப் பேர்போன ஊரில்
ஒரு சிரட்டைக் குளிருக்காக அலைகிறவன் நான் ஒருத்தன்தான்.

வியாழன் இரவு கரண்ட் போனது.
திருக்கடலூருக்குச் சைக்கிளை மிதித்து
கிங்ஸ்லியின் ஐஸ் பெட்டியைத் தட்டினேன்.
"எத்தின கிலோ மீன்?"
"மீனில்ல."
அதற்குமேல் கேட்காமல் உளியால் வெட்டித் தந்தான்.
பையில் கட்டிப் பெட்டியின் வெளிப்புறம் ஒட்டவைத்து
டோர்ச் வெளிச்சத்தில்
வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
எட்டு. ஒன்பது. ஒன்பது. எட்டு.
ஒன்பதாம் ஆண்டுச் சோதனை மறுமொழிக்குக்கூட
நான் இப்படி உட்கார்ந்ததில்லை.

சனிக்கிழமை விடிய
பெட்டியின் மூலையில் கிடந்தது கல்.
பாற்பல் அளவு.
நிலாவெளியில் மினுங்கியதற்காகத்தான் எடுத்தேன்;
இப்போது மினுக்கமில்லை, வழுவழுப்பு மட்டும்.
வசுமதியை எழுப்பினேன்.
இருவரும் நின்று பார்த்தோம்,
தேத்தண்ணீர் ஆறும்வரை.

பிறகுதான் கணக்கு வந்தது.
முப்பத்தொன்பதும் ஒன்றும் நாற்பது.
"எண்ணினது நீங்கதானே,
பிழையா எண்ணியிருப்பீங்க."
இருக்கலாம்.
நிலாவெளியில் வெயில், கண் கூசியது.
இருக்கலாம்.

டொக்டர் போனில் சொன்னார்:
அப்ப இன்னும் கொஞ்சம் பாப்பம்.

சொதி சிரிக்கிறது.
தூவிகள் மெல்ல மடிந்து விரிகின்றன.
கறிவேப்பிலை
இன்னும் கீழ்த் தட்டில்தான்.