வலது கை சிவப்பு

மேலிருந்து பார்த்தால் கானாடுகாத்தான்
கட்டம் போட்ட கணக்கு நோட்டு.
ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு முற்றம்.
பூட்டியிருப்பது மேலிருந்து தெரியாது.

நாலாயிரம் அடியில் இழுத்தேன்.
குடை விரிந்தது, விரிந்த மாதிரி.
ஒரு கயிறு அதன் முதுகில் குறுக்கே ஏறி
இடுப்பில் இறுக்கிய தலையணையாக்கியிருந்தது.
பிறகு சுழற்சி.
ஓடு, கண்மாய், ஓடு, தண்டவாளம், ஓடு.

பிரேக்கை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.
இன்னொரு முறை பார்க்கலாம் என்றது மனம்.
அந்த இன்னொரு முறையில்தான் ஆட்கள் போகிறார்கள்.

காலையில்தான் போர்க்காலத்து ஓடுதளத்தில் நின்று
வெறுங்கையால் முப்பது தடவை செய்திருந்தேன்.
ஆடு ஓட்டி வந்தவர்
"யாருக்கு வந்து இறங்கியிருக்கு?" என்று
செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

மணிக்கட்டில் இரண்டாயிரத்து எழுநூறு.
வலது கை சிவப்பு. கண்ணால் பார், பிடி.
இடது கை வெள்ளி. பார், பிடி.
உடம்பை வில்லாக்கு.
சிவப்பை உரித்து இழு,
முழுசாக, கை நீளும் மட்டும்.

யாருக்கும் பங்கில்லாமல் ஒரு நொடி விழுந்தேன்.

வெள்ளி.

சின்ன ரிசர்வ். வெள்ளை. நாலு மூலையும் இருந்தது.
தொடை நடுங்கியது அப்புறம்தான்.
காற்றுக்கு முகம் காட்டி
கருவேலங்களுக்கு நடுவில் கண்மாய்க்குள் இறங்கினேன்,
சிவப்புப் பிடியை இன்னும் விடாமல்.

கழற்றிவிட்ட குடை தன்பாட்டில் மிதந்து
ஒரு வீட்டு முற்றத்தில் போய் விழுந்திருந்தது.
"பதினோரு பங்கு வீடும்மா" என்றார் காவல்காரர் வெள்ளைச்சாமி.
"சாவி மூணு. ஒண்ணு ஈப்போவுல,
ஒண்ணு அண்ணா நகர்ல,
ஒண்ணு கோர்ட்டுல."

மூன்று நாள் போன்.
ஒருவர் உடைந்த ஓட்டுக்குக் காசு கேட்டார்.
ஒருவர், என் பங்கில் விழவில்லையே, எனக்கென்ன என்றார்.
தேனம்மை என்ற ஒருத்தி மட்டும்
"உனக்கு அடி ஏதும் இல்லையே?" என்றாள்.
அவளுக்கு வாக்குவாதத்தில் பங்கில்லையாம்.

நாலாம் நாள் திறந்தார்கள்.
வெயிலில் கிடக்கக் கூடாத துணி, நாலு நாள் வெயிலில்.
மேலே புறா எச்சம்.
"எப்படிம்மா அத்து விட்டீங்க?"
செய்து காட்டினேன்.
வெள்ளைச்சாமி வலது கையை விலாவில் வைத்து
ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.
பிறகு தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு
பீடி தேடினார்.

கயிறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
எதுவும் அறுந்திருக்கவில்லை.
வெள்ளி இரவு, பதினோரு மணி,
தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்.
அறுக்கத் தெரியாத பேச்சு,
கை தன்பாட்டில் மடித்துக்கொண்டிருந்தது.

குறிப்பேட்டில் எழுதினேன்.
கோளாறு, கயிறு குறுக்கே ஏறியது.
காரணம், மடிப்பு.
மடித்தவர், உமையாள்.